மாநகரில் புதியவருக்கு ஒரு புது அளவுகோல்

இரவில் திருநெல்வேலிச் சந்திப்பில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் சென்னை எழும்பூர். ஏறத்தாழ 650 கி.மீ. தொலைவை ஓர் உறக்கத்தில் கடந்துவிடுகிறோம். நேர்முகத் தேர்வு, மருத்துவம், உறவினர் வீட்டுத் திருமணம் என்று அம்பாசமுத்திரம் முதல் திருவைகுண்டம் வரையுள்ள ஊர்களிலிருந்து நாள்தோறும் பலர் இவ்வாறு செல்கின்றனர்.

"பையைப் பார்த்துக்கொள், பணத்தைப் பிரித்து வை" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். புதியவரின் உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடிய பொருள் ஒன்று அவரிடமே இருக்கிறது. அதுதான் அவருடைய கண்ணும் காலும் சொந்த ஊரில் பழகிக்கொண்ட அளவுகோல். "இவ்வளவு தூரத்தில் பேருந்து வந்தால் கடந்துவிடலாம்", "இவ்வளவு தண்ணீரில் நிற்கலாம்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஊரில் அது பொய்த்ததில்லை. மாநகரில் அது ஏன் பொய்க்கிறது என்பதைச் சாலை, இரயில், கடல் ஆகிய மூன்று இடங்களில் காண்போம்.

சாலையில் ஒரு சிறு கணக்கு

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மைய அரசின் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர்.

நம் ஊர்ச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 7.5 மீட்டர்; பேருந்தின் வேகம் மணிக்கு 30 கி.மீ., அதாவது விநாடிக்கு 8.3 மீட்டர். மனிதர் சாதாரணமாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் எனக் கொண்டால், சாலையைக் கடக்க ஆறேகால் விநாடி ஆகும். அதற்குள் பேருந்து 52 மீட்டர் வந்துவிடும். ஆகவே, பேருந்து 52 மீட்டருக்கு அப்பால் இருந்தால் கடந்துவிடலாம். இந்தக் கணக்கைத் தாளில் போடாமலே நம் கண் பல ஆண்டுப் பழக்கத்தில் போட்டு வைத்திருக்கிறது.

இப்போது மாநகரின் பெருஞ்சாலைக்கு வருவோம். அகலம் இரு மடங்கு, 15 மீட்டர். வேகமும் இரு மடங்கு, மணிக்கு 60 கி.மீ. கடக்க ஆகும் நேரம் 12.5 விநாடி. அதற்குள் பேருந்து ஓடும் தொலைவு 208 மீட்டர்! இரண்டும் இரட்டித்தபோது தேவையான இடைவெளி நான்கு மடங்காகிவிட்டது. ஊர்க் கண்ணோ 52 மீட்டரையே போதும் என்கிறது.

"வேகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். எதிரே நேராக வரும் பொருளின் வேகத்தை, அதன் உருவம் பெரிதாகும் விதத்தைக் கொண்டே கண் மதிப்பிடுகிறது. 2.5 மீட்டர் அகலமுள்ள பேருந்து 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும்போது, இரண்டு மீட்டர் தொலைவில் பிடித்த ஒரு நாணயத்தின் அளவே தோன்றும். 60 கி.மீ. வேகத்தில் அது ஒரு விநாடி ஓடிய பின்பும், அத்தோற்றம் பத்தில் ஒரு பங்குகூட வளர்வதில்லை. அதே பேருந்து 40 மீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டால், அடுத்த ஒரு விநாடியில் அதன் உருவம் 1.7 மடங்காகிவிடும். முதலில் அசையாததுபோல் தோன்றியது, திடீரெனப் பாய்ந்து வருவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

ஓட்டுநர் நிறுத்திவிடமாட்டாரா? அவர் நம்மைக் கண்டு, பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறத்தாழ ஒரு விநாடி கழிகிறது. 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடிக்கே 17 மீட்டர். பின்னர் உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 23 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். பிரேக் பிடித்த பின் ஓடும் தொலைவு வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 30 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 6 மீட்டராக இருப்பதுதான் 60 கி.மீ. வேகத்தில் 23 மீட்டராகிறது. மழையில் உராய்வு பாதியானால், இத்தொலைவு இரு மடங்காகும். ஊரில் "அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க" என்று கையைக் காட்டினால் வண்டி நின்றுவிடலாம். மாநகரில் அண்ணாச்சி நிறுத்த நினைத்தாலும் இயற்பியல் விதி அவரை விடாது.

செய்ய வேண்டியது என்ன? சைகை விளக்கும் வெள்ளைக் கோடுகளும் உள்ள இடத்தில், அல்லது சுரங்கப் பாதையில் கடக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில், சாலை நடுத்திட்டு வரை ஒரு தவணை, அங்கு நின்று பார்த்து மறு தவணை என்று கடக்கலாம். ஒவ்வொரு தவணைக்கும் தேவையான இடைவெளி 104 மீட்டராகக் குறைந்துவிடும். பாதி வழியில் மனம் மாறித் திரும்பி ஓடுவது எல்லாவற்றிலும் கேடானது. முதலில் போட்ட கணக்கு முழுவதும் அப்போது தவறாகிவிடுகிறது.

இரயிலில்

எழும்பூரில் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்க முயல்வோர் பலர். வண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும், உள்ளே நிற்பவரின் உடல் முழுவதும் அதே வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. நடைமேடையைத் தொட்டவுடன் கால்கள் நின்றுவிடுகின்றன. நிலைமத்தால் மேலுடல் தொடர்ந்து முன்னே செல்கிறது. அவர் வண்டி போகும் திசையிலேயே விழுவார். நடைமேடைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் காத்திருக்கிறது.

மின்சார இரயிலின் படிக்கட்டில் தொங்குவது இதனினும் கொடியது. 60 கி.மீ. வேகத்தில் செல்பவரின் இயக்க ஆற்றல், 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். 30 கி.மீ. வேகத்திற்கு இவ்வுயரம் மூன்றரை மீட்டர்தான். இங்கும் வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு! 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை நிலையத்தில், படிக்கட்டில் தொங்கிச் சென்ற பயணிகள் தடத்தின் அருகிலிருந்த சுவரில் மோதினர், ஐவர் உயிரிழந்தனர். நாள்தோறும் சென்று பழகியவர்களுக்கே இந்நிலை என்றால், எந்த இடத்தில் சுவர் இருக்கிறது, எங்கே கம்பம் இருக்கிறது என்று அறியாத புதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தடத்தின் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. நம் வீட்டு மின்சாரத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இதைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே காற்றை ஊடுருவி மின்சாரம் பாயும். இரண்டு மீட்டருக்குள் எவரும் செல்லலாகாது. நின்றுகொண்டிருக்கும் பெட்டியின்மீது ஏறிப் படம் எடுக்க முயன்றவர்கள் பலர் இதனால் மாண்டிருக்கின்றனர்.

கடலில்

சென்னைக்குச் சென்றவர் மெரினாவைக் காணாமல் திரும்புவதில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்கு இங்குதான் ஆபத்து மிகுதி. ஏனெனில் அவருக்கு நீச்சல் தெரியும்! திருச்செந்தூர்க் கடலில் நீராடிய பழக்கமும் இருக்கும். ஆனால் திருச்செந்தூருக்குக் கிழக்கே இலங்கைத் தீவு வங்கக் கடலின் அலைகளை மறித்து நிற்கிறது. சென்னைக்கு அத்தகைய தடுப்பு இல்லை. மெரினாவில் சில அடிகளிலேயே ஆழம் மிகும். அங்கு குளிக்கக்கூடாது என்று எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு.

ஓடும் நீர் நம்மீது செலுத்தும் விசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தொடையளவு நீரில் நிற்பவரை, விநாடிக்கு 1 மீட்டர் வேகமுள்ள நீர் ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளினால், 2 மீட்டர் வேகமுள்ள நீர் 40 கிலோவுக்குச் சமமான விசையுடன் தள்ளும். அதே நேரத்தில் மிதப்பு விசையால் காலின்மேல் உள்ள பாரம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. காலடி மணலையும் அலை அரித்துச் செல்கிறது. வலிமையுள்ளவரும் சாய்வது இதனால்தான்.

கரையில் ஏறிய அலைநீர் எவ்வாறு திரும்புகிறது? பல இடங்களில் அது ஒரு குறுகிய வழியில் ஒன்றுகூடிக் கடலை நோக்கி ஆறுபோல் ஓடும். இதனை இழுப்பு நீரோட்டம் என்போம். இருபுறமும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகக் காணப்படும். "இங்கே அலை இல்லை, இறங்கலாம்" என்று புதியவர் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தையே! இதன் வேகம் சில வேளைகளில் விநாடிக்கு 2 மீட்டரையும் எட்டும். சாதாரண நீச்சல்காரரின் வேகம் 1 மீட்டருக்கும் குறைவே. கரையை நோக்கி எதிர்த்து நீந்துபவர் களைத்து மூழ்குகிறார்.

இங்கே தாமிரபரணி கற்றுத்தந்த பாடம் ஒன்று உதவும். குறுக்குத்துறையில் ஆற்றைக் கடப்பவர் ஒழுக்கை எதிர்ப்பதில்லை, குறுக்கே நீந்துவார். 60 மீட்டர் அகலமுள்ள ஆற்றை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கடப்பவரை, அரை மீட்டர் வேகமுள்ள ஒழுக்கு 30 மீட்டர் கீழே கொண்டு சேர்க்கும். அவர் அதற்காக வருந்துவதில்லை, கரை சேர்ந்துவிட்டாரே! இழுப்பு நீரோட்டமும் பெரும்பாலும் சில பத்து மீட்டர் அகலமே உடையது. கரைக்கு இணையாக, நீரோட்டத்திற்குக் குறுக்கே நீந்தினால் வெளியே வந்துவிடலாம்; பிறகு அலைகளோடு கரைக்குத் திரும்பலாம். நீந்த இயலாதவர் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். அது வெளியே இழுக்குமே தவிர, ஆழத்திற்கு அமிழ்த்துவதில்லை.

பிறர் மூழ்குவதைக் கண்டால் உடனே குதிக்காதீர்கள். மூடிய வெற்றுக் கேன் ஒன்றை எறியுங்கள். ஐந்து லிட்டர் கேன் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தாங்கும். ஒருவர் முகத்தை நீருக்கு மேல் வைத்திருக்க அதுவே போதும்.

புது அளவுகோல்

இம்மூன்று இடங்களிலும் ஒரே விதி செயல்படுவதைக் கண்டீர்கள். வேகம் இரு மடங்கானால் பிரேக் தொலைவும், மோதும் ஆற்றலும், நீரின் விசையும் நான்கு மடங்கு. நம் புலன்கள் இரண்டை எதிர்பார்க்கின்றன. இயற்கையோ நான்கைக் கொடுக்கிறது.

இது சென்னை செல்பவருக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலியை ஒட்டி இன்று நான்குவழி நெடுஞ்சாலை செல்கிறது; நம் இரயில் தடத்தின் மேலும் 25,000 வோல்ட் கம்பி வந்துவிட்டது. மாநகரின் வேகம் நம் வாசலுக்கே வந்திருக்கிறது. வயலுக்கும் பள்ளிக்கும் அச்சாலையைக் கடப்பவர்கள் சொந்த ஊரிலேயே புதியவர்கள்தாம்.

எனவே பயணப் பையில் மூன்று எண்களையும் எழுதி வையுங்கள்: அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, இரயில் உதவிக்கு 139. மாநகரில் முதல் ஒருநாளாவது உங்கள் கண் "போதும்" என்று சொல்லும் இடைவெளியை நான்கால் பெருக்கிப் பாருங்கள். அதற்குப் பின் அடியெடுத்து வையுங்கள்.