சீலிங் பீடிங்கும் வெட்டு மெஷினும் நம்ம பத்து விரலும்

நமது தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் போகிற பிள்ளைகள் இன்றைக்குக் கடைகளில் மட்டும் இல்லை. கட்டட வேலையிலும் தச்சுப் பட்டறையிலும் நிற்கிறார்கள். தீபாவளிக்கு லயத்துக்கு வரும்போது, "பாஸ் என்னைய மெஷின்ல விட்டுட்டாரு" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் அது என்ன மெஷின், அதில் எதை வெட்டலாம், எதை வெட்டவே கூடாது என்று வீட்டில் இருக்கிற நாமும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

மைட்டர் வாள் என்பது அதன் பெயர். வட்டமான வாள்தகடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கி, தட்டில் வைத்த சட்டத்தை ஒரே வெட்டில் துண்டாக்கும். தட்டைத் திருப்பி வைத்தால் 45 பாகை வரை சாய்வாகவும் வெட்டலாம். தகடு நிமிஷத்துக்கு 4,000, 5,000 தடவை சுற்றும். "ஐயோ" என்று கையை இழுக்க அது நேரம் கொடுக்காது.

இந்த மெஷினுக்குப் பெரிய சோதனை சீலிங் பீடிங்தான். சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் அழகுக்கு ஓடுகிற சட்டத்தைச் சொல்கிறோம். அது சுவரோடு ஒட்டிப் படுப்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. அதனால் மற்றச் சட்டம் மாதிரித் தட்டில் படுக்க வைத்து 45இல் வெட்டினால் மூலை சேராது. அதைத் தலைகீழாக வைக்க வேண்டும். சீலிங்கைத் தொடும் விளிம்பு கீழே தட்டில், சுவரைத் தொடும் விளிம்பு பின்னால் நிமிர்ந்து நிற்கிற தகட்டில். தட்டைச் சீலிங் என்றும் பின்தகட்டைச் சுவர் என்றும் நினைத்துக்கொண்டால் சரி. தலைகீழாக வைப்பதால் இடது வலதும் மாறிப்போகும். எத்தனை வருஷம் வேலை செய்த பாஸ்மாரும் தடுமாறுகிற இடம் இது. மிச்சத் துண்டுகளில் உள்மூலை இடது, உள்மூலை வலது, வெளிமூலை இடது, வெளிமூலை வலது என்று நாலு மாதிரி வெட்டி, பென்சிலால் பெயர் எழுதி, மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நீளமான சட்டத்தை வெட்டுமுன் மாதிரியோடு பிடித்துப் பாருங்கள். உள்மூலைக்கு நீளம் எடுக்கும்போது, சுவரைத் தொடுகிற விளிம்பில்தான் டேப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. எந்தச் சுவர் மூலையும் சரியாக 90 பாகையில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பூச்சுப் பூசின கை அப்படி. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி அளந்து புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே சரியாக 5 அடி இருந்தால் மூலை 90. 5 அடி 1 அங்குலம் வந்தால் மூலை விரிந்து 92 ஆகிவிட்டது. 4 அடி 11 அங்குலம் என்றால் ஒடுங்கி 88. விரிந்த மூலைக்கு மெஷினை 46இல் வைப்பதுதான் பலர் செய்கிற பிழை. மெஷினின் கணக்கு நேர்வெட்டிலிருந்து தொடங்குகிறது. ஆகவே விரிந்த உள்மூலைக்கு 44, ஒடுங்கியதற்கு 46. இது தெரியாமல் ஒரு அறைக்கு இரண்டு சட்டம் வீணாக்குகிறவர்கள் உண்டு. அந்தக் காசு யாருடைய சம்பளத்தில் கழியும் என்று சொல்லத் தேவையில்லை.

மலைநாட்டு மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். இரண்டு பக்கமும் 45இல் வெட்டி ஒட்டின உள்மூலை நாளடைவில் வாய் பிளக்கும். ஒரு சட்டத்தை நேராக வெட்டிச் சுவரோடு முட்டவிட்டு, மற்றதை 45இல் வெட்டி, தெரிகிற வளைவுக் கோட்டிலேயே சின்ன வளைவாளால் அறுத்து முதல் சட்டத்தின் மேல் பொருத்தினால் அந்தப் பிளவு அவ்வளவாகத் தெரியாது. நேரம் எடுக்கும் வேலை, ஆனால் நல்ல பாஸ் யாரென்று அதில் தெரிந்துவிடும்.

இனி விரல் விஷயம். தகட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் கை போகக்கூடாது. அதைவிடக் குட்டையான துண்டு வேண்டுமென்றால் நீளமான சட்டத்திலிருந்து வெட்டி எடுங்கள், குட்டைத் துண்டைக் கையில் பிடித்து வெட்டாதீர்கள். ஒரு கையை மற்றக் கைக்குக் குறுக்கே கொண்டுபோகக்கூடாது. தகடு முழு வேகம் எடுத்த பிறகே இறக்குங்கள். வெட்டி முடிந்ததும் சுவிட்சை விட்டு, தகடு நிற்கும் வரை கீழேயே வைத்திருந்து, பிறகு தூக்குங்கள். சுற்றுகிற தகட்டைத் தூக்கினால் வெட்டின துண்டு மாட்டி முகத்துக்குப் பறக்கும். கையுறை பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், இந்த மெஷினில் அது கையை உள்ளே இழுக்கும். கோயிலில் கட்டின கயிறும் நீளக் கைச்சட்டையும் அப்படித்தான். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். காப்பு மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டி வைத்திருக்கிற மெஷினில் வேலை செய்யச் சொன்னால், "மூடியை விட்டுத் தாங்க பாஸ்" என்று கேட்பதில் வெட்கமில்லை.

அலுமினியச் சட்டத்துக்கு அதற்கென்றே உள்ள தகட்டைப் போட்டு, கிளாம்பால் இறுக்கி வெட்ட வேண்டும். இரும்பு கூடாது, பொறி மரத்தூளில் விழுந்து தீப்பிடிக்கும். மரத்தூளும் லேசானதல்ல. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1995இல் வகைப்படுத்தியது. மூக்குக்கு முகமூடி கட்டுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை மட்டும் எந்த மெஷினிலும் வெட்டவே கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய், பத்து, இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் நோயாக வெளிவரும்.

அப்படியும் விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. அம்புலன்ஸுக்கு 1990. வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரித் துண்டை எறியாதீர்கள்.

சொந்த வீட்டில் ஒரு அறைக்குப் பீடிங் அடிக்க மெஷின் வாடகைக்கு எடுப்பது வீண்செலவு என்பது எங்கள் எண்ணம். மூன்று பலகையைத் தொட்டி மாதிரி அடித்து, இரண்டு பக்கப் பலகையிலும் 45 பாகையில் ஒரு பிளவு இடமும் ஒன்று வலமுமாக அறுத்துவிட்டால், கைவாளே அந்தப் பிளவில் போய் அதே வெட்டை வெட்டும். ஒரு மூலைக்குப் பத்து நிமிஷம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.