வயதைப் பார்த்துக் கொடுக்கும் பணம்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டம் வாங்கியவர் நியூசிலாந்தில் குடியேறி, நாற்பது வயதுக்கு மேல் நர்சிங் படிக்க மறுபடி கல்லூரிக்குப் போவது இன்று அரிதல்ல. கட்டணம், பாட நேரம் எல்லாம் விசாரித்துவிட்டுச் சேர்கிறார்கள். பலர் கேட்க மறப்பது ஒன்று: என் வயதுக்கு அரசு எவ்வளவு காலம் கைகொடுக்கும்?

அங்கே உதவி இரண்டு வகை. ஸ்டூடண்ட் அலவன்ஸைத் திருப்பிக் கட்ட வேண்டாம். 1992இல் தொடங்கிய ஸ்டூடண்ட் லோனைக் கட்டியாக வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் இடம் ஸ்டடிலிங்க். குடியுரிமை பெற்றவர்களும், நிரந்தரமாகத் தங்கும் விசாவோடு மூன்று ஆண்டு அங்கே வாழ்ந்தவர்களும் பொதுவாகத் தகுதி பெறுவர். மாணவர் விசாவில் போனவர்களுக்கு இது இல்லை.

வயதுக் கணக்கு

24 வயதுக்குக் கீழே, குழந்தை இல்லாதவருக்கு அலவன்ஸ் உண்டா என்பதைப் பெற்றோர் வருமானம் தீர்மானிக்கும். 24 நிறைந்ததும் அந்தக் கணக்கு போய், சொந்த வருமானமும் துணையின் வருமானமும் மட்டுமே பார்க்கப்படும்.

40க்குக் கீழே வாழ்நாளில் 200 வாரம் வரை அலவன்ஸ் வாங்கலாம். 40 ஆனால் 120 வாரம்தான். மூன்றாண்டுப் பட்டத்துக்கு இது ஏறத்தாழ அளந்து வைத்தாற்போல இருக்கும். ஒரு ஆண்டு தவறினால் கடைசியில் கை கடிக்கும்.

55 ஆகிவிட்டால் கடன் கட்டாயக் கட்டணத்துக்கு மட்டுமே. புத்தகச் செலவுக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் கிடையாது. 65 ஆனால் அலவன்ஸே இல்லை. அந்த வயதில் அரசு ஓய்வூதியம் தொடங்குகிறது. ஆனால் போதிய ஆண்டுகள் அங்கே வாழாத குடியேறிகளுக்கு அதுவும் கிடைக்காது.

இந்தக் கட்டுப்பாடுகளில் பல 2010களின் முற்பாதியில் வந்தவை. 2018இல் முதலாண்டுக் கட்டணத்தை அரசே ஏற்றது. 2025 முதல் அச்சலுகை இறுதியாண்டுக்கு மாறியது. சலுகைகள் இப்படி இடம் மாறும். மூத்த மாணவருக்குப் போட்ட வேலி மட்டும் அப்படியே நிற்கிறது.

எங்கே மாட்டிக்கொள்வோம்?

நாட்டுக்குள் இருக்கும்வரை 2006 முதல் கடனுக்கு வட்டி இல்லை. வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரிலும் 12 சென்ட் பிடிப்பார்கள். ஆறு மாதத்துக்கும் சற்று அதிகமாக, அதாவது 184 நாள் வெளிநாட்டில் தங்கினால் வட்டி ஏறத் தொடங்கும். ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள், கிளம்புமுன் வரித்துறையிடம் சொல்லிவிட வேண்டும். பகுதிநேர வேலைச் சம்பளத்தைத் தெரிவிக்காமல் விட்டால், கூடுதலாக வாங்கிய அலவன்ஸ் பின்னால் கடனாக வந்து நிற்கும்.

என்ன செய்யலாம்?

பெற்றோருடன் உறவு முறிந்துபோன இளையவர், தனிச் சூழ்நிலைக்கான அலவன்ஸுக்கு ஆதாரத்தோடு விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வருமானத்தால் 22 வயதில் மறுக்கப்பட்டவர், 24வது பிறந்தநாளில் மறுபடி கேட்கட்டும். எந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி, காரணம் கேட்டு, மறுபரிசீலனை கோருங்கள். அலவன்ஸ் விஷயத்தில் அதுவும் பலிக்காவிட்டால் மேல்முறையீட்டு ஆணையம் இருக்கிறது.

40ஐ நெருங்குகிறவர், சேருமுன் ஸ்டடிலிங்கிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எனக்கு இன்னும் எத்தனை வாரம் மிச்சம்? பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.