முதல் மூன்று மாதங்கள்: தாயின் மனத்தைப் பேணுவோம்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று தாயை முதலிடத்தில் வைத்துப் போற்றுவது நம் மரபு. ஆயினும், ஒரு பெண் தாயாகத் தொடங்கும் முதல் மூன்று மாதங்களில் அவள் மனம் படும் பாட்டை நாம் அதிகம் பேசுவதில்லை. ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு உற்றார் உறவினர் அனைவரும் கூடுகிறோம். இரண்டாம் மாதத்தில், வயிறு தெரியாத காலத்தில், அவள் பெரும்பாலும் தனியாகவே பயந்துகொண்டிருக்கிறாள்.

செராஸ் வட்டாரத்தில் தாய் சேய் நலத் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், சில விவரங்களை இம்மலரின் வழியாக வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கருவுற்றிருக்கும் பெண்களுக்கு மட்டுமின்றி, அவர்களுடைய கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் இவை பயன்படும் என்று நம்புகிறேன்.

அச்சம் ஏன் வருகிறது?

கரு தரித்த சில நாட்களிலேயே உடலில் சுரப்பு நீர்கள் பெருமளவில் மாறுகின்றன. ஆறாம் வாரத்தையொட்டி மசக்கை தொடங்கி, ஒன்பதாம் வாரத்தில் உச்சத்தை அடைந்து, 14 முதல் 16 வாரங்களுக்குள் பெரும்பாலோருக்குத் தணிகிறது. உடல் சோர்வும் தூக்கக் குறைவும் சேரும்போது மனமும் தளர்வது இயற்கை. 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஓர் அறிக்கை, முதல் மூன்று மாதங்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பெண்கள் மனப் பதற்றத்தின் அறிகுறிகளைக் கூறியதாகத் தெரிவிக்கிறது. அதாவது, ஐந்தாறு பேரில் ஒருவர். ஆகவே, “எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று எந்தப் பெண்ணும் வெட்கப்படத் தேவையில்லை.

கரு தங்குமா என்ற கவலை

என்னிடம் வந்த பெண்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். உண்மையை மறைக்காமல் சொல்வதே நல்லது. உறுதி செய்யப்பட்ட கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்பவை. ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் ஏற்படும் குறை. தாய் மாடிப்படி ஏறியதோ, அலுவலகம் சென்றதோ, கணவனோடு வாக்குவாதம் செய்ததோ அதற்குக் காரணமல்ல. ஸ்கேனில் கருவின் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு, கலையும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. முதல் மூன்று மாதங்களில் நால்வரில் ஒருவருக்குச் சிறிதளவாவது உதிரம் படுவதுண்டு. அவர்களில் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். எனினும், உதிரம் கண்டால் உடனே கிளினிக்கில் தெரிவிக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவள் அல்ல. என் முதல் கரு பத்தாம் வாரத்தில் கலைந்தது. துணி நிறைந்த வாளியைத் தூக்கியதுதான் காரணம் என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை கருவுற்றபோது நான் வாளியைத் தொடவே இல்லை. ஆனாலும் பயம் விடவில்லை. ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் உதிரம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறருக்குத் தைரியம் சொல்லும் தொழிலில் இருந்த எனக்கே அந்த நிலை. என் தாயார் ஈப்போவிலிருந்து வந்து இரண்டு வாரம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கம் வந்தது.

கயாதுவுக்குக் கிடைத்த அடைக்கலம்

“நீ கவலைப்பட்டால் பிள்ளைக்கு ஆகாது” என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். கருவிலேயே நாரதரின் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதனை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால், இதைக் கேட்கும் பெண்ணுக்குப் பயத்தைப் பற்றியே ஒரு புதிய பயம் வந்துவிடுகிறது. அந்தப் புராணக் கதையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இரணியன் தவத்துக்குச் சென்றிருந்த வேளையில், கர்ப்பிணியான கயாதுவை இந்திரன் பிடித்துச் செல்கிறான். நடுங்கிப்போன அவளை நாரதர் மீட்டு, கணவன் திரும்பும் வரை தம் ஆசிரமத்தில் தங்க வைத்து, நல்ல வார்த்தைகளைச் சொல்கிறார். “நீ பயப்படக்கூடாது” என்று அவளைக் கண்டிக்கவில்லை. முதலில் பாதுகாப்பான இடம் தந்தார், பிறகுதான் உபதேசம். நம் வீடுகளும் அப்படி இருக்க வேண்டும்.

மருத்துவமும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. அவ்வப்போது வந்து போகும் கவலை குழந்தையைக் கெடுத்துவிடாது. கடுமையான பதற்றம் கவனிக்கப்படாமல் நீடித்தால்தான் குறைமாதப் பிரசவம், எடை குறைவு போன்றவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே, பயத்தை மறைப்பதைவிட அதற்கு உதவி தேடுவதே முறை.

ராவல்பிண்டியில் கண்ட பலன்

பாகிஸ்தானின் ராவல்பிண்டி நகரிலுள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. மனப் பதற்றம் கொண்ட கர்ப்பிணிகள் 22 வாரங்களுக்குள்ளாகவே அதில் சேர்க்கப்பட்டனர். பயமூட்டும் எண்ணத்தை அடையாளம் காண்பது, அது சரிதானா என்று ஆராய்வது, அதற்குப் பதிலாகப் பயனுள்ள எண்ணத்தையும் செயலையும் பழகுவது ஆகியவை ஆறு அமர்வுகளில் கற்பிக்கப்பட்டன. கற்பித்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். மனோவியல் பட்டம் பெற்று, சிகிச்சை அனுபவம் இல்லாதவர்கள். பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில், பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கே பெரும் மனச்சோர்வு இருந்தது. பயிற்சி பெறாதவர்களில் அது நாற்பத்தொருவர். கூட்டுக் குடும்பமும் உறவினர் பேச்சும் நம்மைப் போலவே அமைந்த ஊரில் இப்பலன் கிடைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. மூன்று மாதம் வரை வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள் கடைப்பிடிக்கலாம். ஆனால், மனம் விட்டுப் பேச இரண்டு பேரிடமாவது சொல்லி வையுங்கள்.

2. மாலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, கவலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். “நான் செய்யக்கூடியது”, “என் கையில் இல்லாதது” என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் பட்டியலில் உள்ள ஒன்றை மறுநாள் செய்யுங்கள். இரண்டாவதை இறைவனிடம் விட்டுவிடுங்கள்.

3. பதற்றம் வரும்போது நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் நெஞ்சுப் படபடப்பு தணியும்.

4. இரவில் கைத்தொலைபேசியில் நோய்களைப் பற்றித் தேடுவதை நிறுத்துங்கள். சந்தேகங்களைக் குறித்து வைத்து, தாதியிடம் கேளுங்கள்.

5. காலையில் எழுந்ததும் காய்ந்த ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றைக் கொஞ்சம் உண்டு, பிறகு எழுந்து நடமாடுங்கள். காப்பியை நாளுக்கு ஓரிரு கோப்பையோடு நிறுத்துங்கள். அதிகக் காப்பியும் படபடப்பைத் தரும்.

6. பழுத்த பப்பாளித் துண்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். நன்கு பழுத்ததை அளவோடு உண்பதால் கெடுதி இல்லை. பப்பாளிக் காயைத் தவிர்த்தால் போதும்.

வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. 1.1.2023 முதல் நம் நாட்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. திருமணமான தந்தையருக்கு 7 நாள் விடுமுறை உண்டு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கவும் அச்சட்டம் இடம் தரவில்லை.

கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

கரு உறுதியானதும், 12 வாரங்களுக்குள் அரசாங்க கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். அங்கே தரப்படும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் இடுவார்கள். மஞ்சளைக் கண்டதும் கலங்க வேண்டாம். நிபுணர் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். உடலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாமல், தூக்கமின்மையையும் பயத்தையும் சொல்லுங்கள். ரத்தச் சோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பைத் தரும் என்பதால், மருத்துவர் அவற்றையும் சோதிக்கக்கூடும். ஆஸ்துமா, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மருந்து உண்பவர்கள், பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

அதிக உதிரப்போக்கு, வயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, மயக்கம், காய்ச்சல், ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி ஆகியவற்றுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனை செல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பயமோ அழுகையோ நீடித்து அன்றாட வேலை கெட்டால், கிளினிக் மருத்துவரிடம் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அந்தக் கணமே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனை செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கோ, 1970 முதல் கோலாலம்பூரில் சேவையாற்றும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண்ணுக்கோ அழைத்தும் பேசலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பையனா பெண்ணா என்று கேட்காதீர்கள். அதை நிர்ணயிப்பது தந்தையின் உயிரணுவே. கரு கலைந்த வீட்டில் காரணம் தேடாதீர்கள். கணவர் முதல் பரிசோதனைக்கு உடன் செல்லுங்கள். மாமியார் ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆலயத்துக்கு அளிக்கும் காணிக்கையைப் போலவே, பயந்திருக்கும் ஒரு பெண்ணின் அருகில் அரை மணி நேரம் அமர்ந்து கேட்பதும் தருமமே.

கருவைச் சுமக்கும் தாய்மார் அனைவரும் மன அமைதியும் சுகப்பிரசவமும் பெற எல்லாம் வல்ல அன்னையை வேண்டுகிறேன்.