முதியோர் இல்லங்களில் உணவும் எலும்பின் உறுதியும்

புனே நகரில், டேவிட் சாசூன் என்னும் வணிகப் பெருமகனாரின் கொடையால் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஆதரவற்றோர் இல்லம், இன்று 'நிவாரா' என்னும் பெயருடன் முதியோருக்குப் புகலிடமாக விளங்குகிறது. வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களை மாவட்டந்தோறும் அமைக்க 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் வகை செய்துள்ளது. இத்தகைய இல்லங்களில், தங்க இடம் கிடைத்தபின் எழும் முதல் வினா உணவைப் பற்றியதாகும்.

வயது முதிர முதிரத் தசைகள் மெலிகின்றன, பற்கள் விழுகின்றன, பசியும் சுவையுணர்வும் மங்குகின்றன. நிறையப் பரிமாறினாலும் ஒரு பகுதி தட்டிலேயே எஞ்சிவிடுகிறது. சோற்றாலும் ரொட்டியாலும் வயிறு நிரம்பினும், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமற் போகின்றன. கால்கள் தளர்ந்து கீழே விழும் முதியவரின் இடுப்பெலும்பு முறியுமாயின், பழையபடி நடமாடும் ஆற்றலை அவர் இழந்துவிடக்கூடும்.

இதனைத் தடுக்க இயலுமா? ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடைபெற்ற ஆராய்ச்சி இதற்கு விடையளிக்கிறது. அதன் முடிவுகள் 2021-இல் வெளியாயின. அவற்றுள் பாதி இல்லங்களில் பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் கூடுதலாக வழங்கப்பட்டன. நாள்தோறும் உட்கொண்ட புரதம் 69 கிராமாகவும், சுண்ணாம்புச் சத்து 1,142 மில்லிகிராமாகவும் உயர்ந்தன. வழக்கமான உணவு அளித்த இல்லங்களைவிட அங்கே எலும்பு முறிவு 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. அம்முதியோர் வைட்டமின் டி சத்தைப் போதிய அளவு முன்னரே பெற்றிருந்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இப்பயனைப் பெற அயல்நாட்டு உணவு வேண்டுவதில்லை. சோள மாவினாலான பாக்ரி பல்லில்லாதவர்க்குக் கடினமாயினும், பாலிலோ பருப்பிலோ ஊறவைத்தால் எளிதில் உண்ணலாம். கடலை மாவுக் கூழாகிய பிட்லா, முளைகட்டிய பயற்றை நன்கு வேகவைத்துச் செய்யும் உசள், மோர், கேழ்வரகுக் கஞ்சி ஆகியவையும் ஏற்றவை. குழைந்த சோற்றில் நெய்யும், வறுத்த பருப்புகளை அரைத்த மேத்கூட் பொடியும் கலந்து உண்பது அவ்வட்டாரத்தின் பழைய வழக்கமாகும். சிறுநீரக நோயுடையோர் மட்டும் மருத்துவரின் யோசனைப்படி புரதத்தின் அளவை வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

உணவு மாற்றத்துடன் கண்காணிப்பும் தேவை. மாதமொருமுறை ஒவ்வொருவரின் எடையையும் குறித்துவைத்தல் வேண்டும். ஒரே மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்தால் அஃது எச்சரிக்கையாகும். 50 கிலோ எடையுள்ளவர்க்கு இது இரண்டரைக் கிலோ மட்டுமே. எனவே பரிமாறிய அளவை மட்டுமின்றி, தட்டில் எஞ்சிய அளவையும் இல்லத்தார் கவனித்தல் இன்றியமையாதது.