உருமாறும் பொம்மைகளும் அவற்றின் பிரிவும்

1972-ஆம் வருஷம் அமெரிக்காவின் கென்னர் கம்பெனியார் 'பிளைத்' என்ற பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, உடலுக்குப் பொருந்தாத அதன் பெரிய தலையும், பின்தலையிலுள்ள கயிற்றை இழுத்தால் நான்கு வர்ணங்களில் மாறி மாறித் தோன்றும் அகன்ற விழிகளும் ஜனங்களின் மனத்தைக் கவரவில்லையாதலால், ஒரே வருஷத்தில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. ஏறக்குறைய 30 வருஷ காலம் மறக்கப்பட்டுக் கிடந்த அதற்கு, நியூயார்க்கைச் சேர்ந்த ஜினா காரன் 2000-ல் வெளியிட்ட புகைப்பட நூல் புத்துயிர் அளித்தது. மறுவருஷமே ஜப்பானின் டகாரா கம்பெனி அதை மீண்டும் செய்யத் தொடங்கியது. இன்று அதைச் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் வயது வந்தவர்கள். அவர்களிற் பலர் அலமாரியில் அடுக்கிவைப்பதோடு திருப்தியடையாமல், தம் கையாலேயே அதற்கு வேறொரு முகம் சமைக்கிறார்கள்.

தலையின் திருகாணிகளைக் கழற்றி மண்டையைத் திறந்து, முகத்தின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கி, கூரிய சிறு கத்தியால் மூக்கின் நுனியையும் உதட்டின் ஓரத்தையும் செதுக்கி, பாஸ்டல் வர்ணப் பொடியைத் தூரிகையால் கன்னத்தில் பூசி, அது கலையாதிருக்க மினுமினுப்பற்ற வார்னிஷைத் தெளித்து, விழிகளின் வில்லைகளை மாற்றி, பழைய கூந்தலைப் பிடுங்கிவிட்டு அங்கோரா ஆட்டின் ரோமத்தைக் கற்றை கற்றையாக நட்டு முடிப்பது மிகுந்த பொறுமையைக் கோரும் காரியம். தீட்டிய வர்ணத்தைத் துடைத்துவிடலாம். செதுக்கி எடுத்த பாகம் திரும்பி வராது. ஆகவே 1972-ஆம் வருஷத்து மூலப் பொம்மையின்மேல் கத்தி வைப்பது அபசாரம் என்றே நான் கருதுகிறேன். கைபழகுவதற்குப் புதிய பொம்மைகள் ஏராளமாக உண்டு.

இத்தனை பிரயாசையோடு சிருஷ்டித்ததைப் பிறருக்குக் கொடுக்க மனம் எளிதில் இசைவதில்லை. ஆயினும் வீட்டில் இடத்துக்கும் கையில் பணத்துக்கும் எல்லை உண்டு. ஒன்றை விற்றுத்தான் அடுத்ததை வாங்க முடிகிறது. அதைவிட முக்கியமாக, இந்த முகத்தில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்தவுடன், கலைஞனின் கை தானாகவே வேறொரு முகத்தை நாடுகிறது. வாங்கியவர் நாம் தீட்டியதையெல்லாம் துடைத்துவிட்டுத் தம் மனம்போல் புதிதாகத் தீட்டவும் கூடும். அதற்கு வருந்தலாமேயன்றி, தடை சொல்ல நமக்கு உரிமையில்லை.

பொம்மையைப் பிரியும் துயரத்தை ஜப்பானியர் நன்கு உணர்ந்து, அதற்கென்று சடங்கே வகுத்திருக்கிறார்கள். கியோட்டோவின் ஹோக்யோஜி ஆலயத்தில் அக்டோபர் 14-லும், டோக்கியோ உயேனோவிலுள்ள கியோமிசு கன்னோன் ஆலயத்தில் செப்டம்பர் 25-லும், பழைய பொம்மைகளுக்காகப் பௌத்தத் துறவிகள் மந்திரம் ஓதுகிறார்கள். வாகயாமாவின் அவஷிமா ஆலயத்தில் மார்ச் 3-ஆம் தேதி அவற்றைப் படகிலேற்றிக் கடலில் விடுகிறார்கள்.

நம் கைப்பட மாறிய பொம்மைக்கோ இன்னொரு கை காத்திருக்கிறது. அதை அனுப்பும்போது எந்த இடத்தைச் செதுக்கினீர்கள், எந்த வார்னிஷைத் தெளித்தீர்கள், கூந்தலை எந்தப் பசையால் ஒட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். மறுபடியும் அந்தத் தலையைத் திறக்கப் போகிறவருக்கு அது அவசியம் தேவைப்படும்.