நாமும் நாங்களும்

உங்கள் வீட்டிற்கு ஒரு தோழி வந்திருக்கிறாள். "நாம் கோவிலுக்குப் போகிறோம்" என்று அம்மா சொன்னால், அவளும் மகிழ்ச்சியோடு உடன் புறப்படுவாள். "நாங்கள் கோவிலுக்குப் போகிறோம்" என்று சொன்னாலோ, விடைபெற்றுக்கொண்டு எழுந்து விடுவாள். கேட்பவரையும் சேர்த்துக் கொள்வது 'நாம்'. அவரை நீக்கிச் சொல்வது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வி' என்ற ஒரே சொல்தான். இந்தியிலும் 'ஹம்' ஒன்றே.

தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்றும், மலையாளத்தில் 'நம்மள்', 'ஞங்ஙள்' என்றும் இவ்வேறுபாடு உண்டு. அவை நம் அண்டை மொழிகள், அதில் வியப்பில்லை. கடல்களுக்கு அப்பால், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில், ஒருகாலத்தில் இன்காப் பேரரசில் வழங்கிய கெச்சுவா மொழியிலும் இது இருப்பதுதான் வியப்பு! பெரு நாட்டுக் குஸ்கோ வட்டாரத்தில் 'நாம்' என்பதற்கு 'ஞொகாஞ்சிஸ்' என்றும், 'நாங்கள்' என்பதற்கு 'ஞொகாய்கு' என்றும் சொல்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்விரு மொழிகளையும் இரு ஐரோப்பியக் குருக்கள் அரும்பாடுபட்டுக் கற்றனர். 1546இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு அன்றிக்கே அன்றிக்கஸ், முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்று, போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. சாமிநாதர் சபைக் குரு தொமிங்கோ தே சாந்தோ தொமாஸ் எழுதிய கெச்சுவா இலக்கணம், 1560இல் ஸ்பெயின் நாட்டில் வெளிவந்தது.

கர்த்தர் கற்பித்த செபத்தை மொழிபெயர்க்கையில் 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு முக்கியமானது. இறைவனை நோக்கி நாம் 'எங்கள் தந்தையே' என்கிறோம். 'நம் தந்தையே' என்றால், கேட்கும் இறைவனுக்கும் ஒரு தந்தை இருப்பதாக அல்லவா பொருள்படும்! கெச்சுவா செபமும் 'எங்கள் தந்தையே' எனப் பொருள்படும் 'யாயாய்கு' என்றே தொடங்குகிறது.

வேறு ஒற்றுமைகளும் உண்டு. 'வசி' என்றால் வீடு, 'வசிகுனா' வீடுகள், 'வசிகுனாபி' வீடுகளில். நம்மைப் போலவே சொல்லின் பின்னே விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகிறார்கள். 'ஞொகா தாந்தாத்தா மிகுனி' என்றால் 'நான் ரொட்டியை உண்கிறேன்'. வினைச்சொல் நம் மொழியில் போல இறுதியில் வருகிறது.

அப்படியானால் கெச்சுவா தமிழுக்கு உறவா? அவசரப்படக் கூடாது! விகுதிகளை ஒட்டும் வழக்கம் துருக்கி, ஜப்பான் மொழிகளிலும் உண்டு. 'வசி' என்பதைக் கேட்டதும் நமது 'வசித்தல்' நினைவுக்கு வரலாம். ஆனால் 'வசித்தல்' வடமொழி வேரிலிருந்து வந்த சொல். இந்த ஒலி ஒப்புமை தற்செயலானதே.

உண்மையான உறவுக்குச் சான்று, அடிப்படைச் சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்பக் காணும் ஒலிமாற்றம். பால், பல், பூ, புலி என்னும் நம் சொற்கள் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹூ, ஹுலி என வருகின்றன. நம் பகரத்திற்கு அங்கே ஹகரம்! இது தற்செயலாக நேராது. தென்னாட்டு மொழிகள் ஒரு குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தால் விரிவாக நிறுவினார். தமிழுக்கும் கெச்சுவாவுக்கும் இடையே இத்தகைய சான்று இல்லை.

உறவில்லை என்பதால் கெச்சுவாவின் பெருமை குறைந்து விடுமா? நூற்றாண்டுகளாகத் தாழ்வாக நடத்தப்பட்ட அம்மொழியை, 1975இல் பெரு அரசு ஸ்பானிய மொழியோடு ஆட்சிமொழியாக அறிவித்தது. இன்றும் பல இலட்சம் மக்கள் அதைப் பேசுகின்றனர்.

பல மாநிலத்தார் கூடி வாழும் நமது நெய்வேலியில், அடுத்த வீட்டிலேயே வேறொரு மொழி ஒலிக்கிறது. அன்றிக்கஸ் அடிகளைப் போல நாமும் அதில் பத்துச் சொற்களையேனும் கற்கத் தொடங்குவோம். 'நாங்கள்' என்று சொல்லிவந்த இடத்தில் 'நாம்' என்று சொல்ல அது வழி செய்யும்!