கண்ணருகே நாய் கடித்தால்



பெரியவர்களை நாய் கடித்தால் காலிலோ கையிலோ கடிக்கும். சின்னக் குழந்தைகளுக்குப் பல நேரம் முகத்தில்தான் கடிபடும். நாயின் வாயும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதுதான் காரணம். இமையிலோ கண் ஓரத்திலோ கடிபட்டால் இரண்டு ஆபத்து: ஒன்று வெறிநோய், மற்றொன்று கண்ணில் சீழ் பிடிப்பது. வெளியே சின்னப் பொத்தலாகத் தெரியும். பல் ஆழமாக இறங்கியிருக்கும். பூனைக் கடியும் இப்படித்தான்.

முதலில் என்ன செய்யணும்? காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணுக்குள் சோப்பு போகக் கூடாது. அங்கே சுத்தமான தண்ணீரை மெதுவாக விட்டால் போதும். கருவிழியோ வெள்ளை விழியோ கிழிந்த மாதிரி தெரிந்தால் விழிமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அழுத்தாதீர்கள். சுற்றியுள்ள தோலை மட்டும் கழுவி, விழியில் படாதபடி ஒரு சுத்தமான காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டிக் கூட்டிப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். முகத்தில் ரத்தம் வரக் கடித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். தையல் போடுவதானால் அதற்குப் பிறகுதான். தோலில் போடும் தடுப்பூசி என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு தடவை. ஒன்றைக்கூட விடக் கூடாது. தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசியும் உண்டு.

மூக்கை ஒட்டிய கண் ஓரம் கிழிந்திருந்தால் கண் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். கண்ணீர் வடியும் சின்னக் குழாய் அங்கேதான் இருக்கிறது. அறுந்ததைச் சீக்கிரம் இணைக்காவிட்டால், கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் மூன்று சோதனை செய்யுங்கள். நல்ல கண்ணை மூடி, அடிபட்ட கண்ணால் விரலை எண்ணச் சொல்லுங்கள். தலையை அசைக்காமல் நாலு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். வலி குறைகிறதா, கூடுகிறதா என்று கேளுங்கள். இமை மட்டும் வீங்கி, பார்வையும் விழி அசைவும் சரியாக இருந்தால் சீழ் பெரும்பாலும் மேலோடுதான். அதற்கும் மருந்து வேண்டும். பார்வை மங்கினாலோ, விழி அசைய மறுத்தாலோ, கண் முன்னே பிதுங்கினாலோ, காய்ச்சலோடு வலி கூடினாலோ நோய் உள்ளே போய்விட்டது என்று பொருள். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

விழிக்குள் சீழ் என்றால் வெறும் சொட்டு மருந்து போதாது. டாக்டர் உள்ளிருந்து துளி நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, விழிக்குள்ளேயே ஊசி வழியாக மருந்து செலுத்துவார். சில பேருக்கு அறுவையும் தேவைப்படும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் நோய் முற்றிவிடும், அதை விடாதீர்கள்.

வளர்ப்பு நாய்க்கு வருஷம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். சாப்பிடும் நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.